கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள்

“கோவிந்தபோகம் பச்சரிசியா, புழுங்கலா மாமி?” என்று வாத்தியார் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

வசுந்தரா சமையலறையில் டப்பா டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி கல்கத்தாவுக்கு வந்த நாளிலிருந்து அவள் ஆண்டு வரும் சமையலறை. இன்றைக்குப் பார்த்து எது எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியவில்லை. மருமகள் அக்‌ஷயா பின்னாலேயே நின்று மூடிகளை வாங்கி வாங்கி வைத்தாள். கடைசியில் அகப்பட்டது இதுதான், பாயசத்துக்காக வாங்கி வைத்திருந்த பொடி மணி அரிசி.

“பச்சரிசிதான். வேற கிடையாது. இட்லிக்குப் போடற புழுங்கல்தான் மூட்டையா இருக்கு.”

“வாய்க்கரிசிக்குப் போய் வாசனை அரிசியா...” என்று இழுத்தார் வாத்தியார். பவானிபூரிலிருந்து தை மாதக் குளிரில் ஸ்கூட்டரில் வந்தவர். தலையிலிருந்த குரங்குக் குல்லாயை இன்னும் கழற்றவில்லை.

“அவருக்கு வாசனைன்னா உசிர். மணக்க மணக்கப் போகட்டுமே.”

சொல்லிவிட்டு வசுந்தரா தானே சிரித்துவிட்டாள். அக்‌ஷயா திடுக்கிட்டுப் பார்த்தாள். பார்க்கட்டும். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்று எந்த சாஸ்திரம் சொல்கிறது? அதுவும் நரசிம்மன் போன மாதிரி ஒரு போக்குக்கு!

எழுபத்து நாலு வயது. காலையில் லேக்கைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார். “இன்னிக்கு டிகாக்‌ஷன் பேஷ்” என்று ஒரு சர்ட்டிஃபிகேட் கொடுத்தார். பேப்பரைப் பிரித்தார். இன்னொரு வாய் காப்பி வேண்டுமா என்று அவள் எட்டிப் பார்த்தபோது பேப்பர் தரையில் கிடந்தது, அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கீழ் ஃபிளாட் டாக்டர் ஓடி வந்து பார்த்துவிட்டு, “ஒரு கஷ்டமும் தெரிஞ்சிருக்காது மாஷிமா” என்றார். படுக்கையில் கிடக்கவில்லை, குழாய் செருகிக்கொள்ளவில்லை, பெற்ற பிள்ளையை ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்க வைக்கவில்லை. வசுந்தரா ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டாள். அழுத பிறகு, இவ்வளவு லட்சணமாக ஒருத்தர் சாக முடியுமா என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. மாம்பலத்திலிருந்து அத்தை பிள்ளை ராகவேந்திரன் போனில் பேசினான். துக்கம் விசாரிக்கிறானாம்! “பாவம் நரசிம்மன், சிகரெட்டை விட்டு என்ன பிரயோஜனம்? கடைசில ஹார்ட்தானே? பேசாம பிடிச்சிண்டே இருந்திருக்கலாம்” என்றான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாத்தியார் வந்துவிட்டார் என்று சொல்லி போனை வைத்தாள். வாத்தியார் அப்போது வீட்டைவிட்டே கிளம்பியிருக்கவில்லை.

என்ன பிரயோஜனமா? கேட்கிறான் பார்.

நரசிம்மன் கிடர்பூரில், கப்பலில் வந்த சரக்கைக் கஸ்டம்ஸில் பேசி விடுவித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். ரிடையராகிற வரைக்கும் ஊதித் தள்ளினார். ஆனால் பி.பி. கிடையாது, சர்க்கரை கிடையாது, ஒரு தலைவலி கிடையாது. “என்னால எந்த டாக்டருக்காவது ஒரு வேளைக் காப்பிக்கு வழி உண்டா சொல்லு?” என்று மார்தட்டுவார். அந்த ஜம்பம்தான் அவரை மாட்டி வைத்தது. அடுத்த தெருவில் இருந்த பிரியம்வதா அப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தாள். நோயாளிகள் வேண்டாம், நோயே இல்லாதவர்கள்தான் வேண்டும் என்று தேடினாள். புகைபிடிக்கிறவர்கள் பாதி, பிடிக்காதவர்கள் பாதி. “வியாதி வந்தவாளைத்தான் எல்லாரும் பாக்கறா மாமா. நன்னா இருக்கறவாளுக்கு உள்ள என்ன நடக்கறதுன்னு பாக்கணும்” என்றாள்.

“என்னைவிட நன்னா இருக்கறவன் இந்த லேக் கார்டன்ஸ்லயே கிடையாது. எழுதிக்கோ” என்றார் நரசிம்மன்.

முதல் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பையன் போன் பண்ணி, காலையில் ‘கிச்சு கேயே ஆஷ்பேன் நா’ என்றான். எதுவும் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள் என்று அர்த்தம். வங்காளத்தில் ஒரு தொல்லை உண்டு. சோற்றையும் சாப்பிடுவார்கள், தண்ணீரையும் சாப்பிடுவார்கள், காற்று வாங்கப் போனால் காற்றையும் சாப்பிடுவார்கள், சிகரெட்டையும் சாப்பிடுவார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வினைச்சொல். நரசிம்மன் அந்த ஊர்க்காரனே ஏமாறும்படி வங்காளம் பேசுவார். ஆனால் பசித்த வயிற்றுக்குக் காது தமிழ்க்காதுதானே! காப்பிகூடக் குடிக்காமல் தியாகி மாதிரிக் கிளம்பிப் போனார். காப்பி இல்லாத எரிச்சலுக்கு, ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒன்றுக்கு இரண்டாக ஊதிவிட்டு உள்ளே நுழைந்தார்.

பையன் மூக்கை உறிஞ்சினான். “சாப்டுட்டு வந்திருக்கீங்களே தாதா!” தாதா என்றால் அங்கே அண்ணா.

“பச்சைத் தண்ணி பல்லுல படலைப்பா!”

“சிகரெட் சாப்டிருக்கீங்களே!”

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அசடு வழிந்தார். பிரியம்வதா சிரித்துவிட்டு, வந்தது வந்துவிட்டீர்கள், இப்படியே ஒரு தடவை பார்த்துவிடுவோம், இன்னொரு நாள் சுத்தமாக வாருங்கள் என்றாள். முன்கையில் பி.பி. பார்க்கிற பட்டையைச் சுற்றி, சிறிது நேரம் இறுக்கி ரத்தத்தை நிறுத்தி வைத்தார்கள். பிறகு பட்டென்று விட்டார்கள். அடைபட்ட ரத்தம் பாய்ந்து வருகிறபோது குழாய் தானாக விரிந்து வழி விட வேண்டும். அதை முழங்கைக்கு மேலே ஸ்கேன் வைத்துத் திரையில் பார்க்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பாங்க் குமாஸ்தா இருந்தார். தொந்தியும் தொப்பையுமாக, மாடி ஏறி வந்ததற்கே மூச்சு வாங்கினவர். ஆனால் சிகரெட்டைத் தொடாதவர். அவருக்கு ஜம்மென்று விரிந்தது. நரசிம்மனுக்கு அசையவே இல்லை. அடுத்த வாரம் ஒன்றும் ஊதாமல் போனபோது, ஏதோ போனால் போகிறதென்று துளி விரிந்தது.

“மாமா, பஸ்ல யாராவது வந்து ‘ஏக்டு ஷோரே போஷுன்’னா என்ன பண்ணுவேள்?” என்று கேட்டாளாம் பிரியம்வதா. கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள் என்று அந்த ஊர் பஸ்ஸில் நாளெல்லாம் காதில் விழுகிற வார்த்தை.

“நகர்ந்து இடம் குடுப்பேன். எழுந்தே நிப்பேன்.”

“நல்ல ரத்தக்குழாய் அப்படித்தான். சொல்றதுக்கு முன்னாடியே நகரும். உங்களோடது நகர மாட்டேங்கறது மாமா. இது வியாதி இல்லை. மரியாதை மறந்து போயிருக்கு, அவ்வளவுதான். வியாதி பின்னாடி வரும்.”

நரசிம்மன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடக்கூட இல்லை. கிடர்பூர் பஸ்ஸில் அவருக்குப் பேரே உண்டு, எந்தப் பெண்பிள்ளை ஏறினாலும் முதலில் எழுந்திருக்கிற மதராஸி தாதா என்று. “கேன்சர், கீன்சர்னு பயமுறுத்தியிருந்தா சிரிச்சிண்டு வந்திருப்பேன் வசு. எனக்குள்ளயே ஒரு மரியாதை கெட்ட பய காலை அகட்டிண்டு உக்காந்திருக்கானாம்டீ!” என்றார். பயத்தில் விடாத மனிதர் வெட்கத்தில் விட்டார்.

சும்மா விடவில்லை. முதல் ஆறு மாதம் வீடு ரணகளம். கிராம்பைக் கடித்தார், ஏலக்காயைக் கடித்தார், கடைசியில் அவளைக் கடித்தார். ஒரு நாள் சாம்பாரில் உப்பில்லை என்று கிண்ணத்தைத் தூக்கி எறிந்தார். எறிந்துவிட்டு, தானே குனிந்து துணி வைத்துத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “வசு, நான் கால்ல விழுந்து கெஞ்சினாலும் குடுக்காதே. எவன் கொண்டுவந்து நீட்டினாலும் விடாதே. என் வாய்க்கு நீதான் காவல். சாகற வரைக்கும்.”

“சரின்னா” என்றாள் அவள்.

அந்தக் காவலை அவள் காத்தாள். ஒரு வருஷம் கழித்து மறுபடி சோதித்தபோது நன்றாகவே விரிந்ததாம். புது வெல்லம் போட்ட நொலேன் குட் சந்தேஷ் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு படியேறினார். “நகர்ந்துடுத்து வசு! பய நகர்ந்துட்டான்!” என்று வாசலிலேயே கத்தினார். ஆனால் ஆசை மட்டும் போகவே இல்லை. பான் கடையில் எவனாவது ஊதினால் காற்று வீசுகிற பக்கமாகப் போய் ஒரு நிமிஷம் நிற்பார். வசுந்தரா பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

அதனால்தான் இப்போது அரிசியைத் தட்டில் கொட்டிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டாள். இன்னும் கொஞ்ச நேரம். வண்டி வந்து அவரை ஏற்றிவிட்டால் காவல் முடிந்தது. சொன்ன சொல் தப்பவில்லை என்று ஆகிவிடும்.

அந்த நேரத்தில் சமையலறை வாசலில் நிர்மால்ய வந்து நின்றார்.

நிர்மால்ய கஸ்டம்ஸில் இருந்தவர். இளம் வயதில் ஏதோ ஒரு பில்லுக்காக நரசிம்மனோடு கைகலக்கிற மாதிரிச் சண்டை போட்டு, ஒரு சிகரெட்டை நீட்டி சமாதானமானவர். அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரு தீக்குச்சியில் பற்ற வைத்துக்கொள்கிற சிநேகிதம். நரசிம்மன் விட்டபோது மனுஷனுக்கு உண்மையாகவே வருத்தம். “என்னை அநாதையாக்கிட்டான் பௌதி” என்று மன்னி முறை கொண்டாடி வசுந்தராவிடம் வந்து கோள் சொன்னார். இன்றைக்குக் காலை வரை இரண்டு பேரும் லேக் பெஞ்சில் ஒன்றாகத்தான் உட்கார்ந்தார்கள், ஒருத்தர் ஊதிக்கொண்டு, ஒருத்தர் மோந்துகொண்டு.

சால்வையைப் போர்த்திக்கொண்டு, கண் சிவந்து நின்றார்.  பிறகு மெதுவாக, “பௌதி, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை... என் கையால காயியே தி?” என்றார்.

காயியே தி என்றால் ஊட்டிவிடட்டுமா.

வசுந்தராவின் கையில் அரிசித் தட்டு.  நம் வாய்க்கரிசி வழக்கம்கூட இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறதே!

“இதைக் கேக்கணுமா? நீங்க ஊட்டாம வேற யார் ஊட்டறது?” என்றாள்.

நிர்மால்ய கை கூப்பிவிட்டுப் போனார். வாத்தியாருக்குத்தான் அது பிடிக்கவில்லை. “பந்துக்கள் மட்டும்தான் போடலாம் மாமி. அவர் வேற...”

“பந்துக்கள்லாம் வாட்ஸ்அப்ல கைகூப்பற பொம்மை அனுப்பியிருக்கா. சொல்லாம கொள்ளாம செருப்பை மாட்டிண்டு ஓடி வந்தவர் இவர் ஒருத்தர்தான். இவர் பந்து இல்லேன்னா வேற யார் பந்து?” என்றாள் வசுந்தரா. வாத்தியார் குல்லாயைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது.

மத்தியானம் இரண்டு மணி வாக்கில் கீழே இறக்கினார்கள். கட்டட வாசலில் கண்ணாடி வண்டி பின்கதவைத் திறந்து காத்திருந்தது. தெருக்காரர்கள் சுற்றி நின்றார்கள். பிள்ளை முகுந்த் ஈர வேட்டியோடு முதலில் அரிசி போட்டான். அவன் அப்பாவின் சாயல்தான், அப்பாவின் ஜம்பம்தான். மாரத்தான் ஓடுகிறான், மெடல் வாங்கி மாட்டி வைத்திருக்கிறான். ஆபீஸில் நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட். “ஓடற உடம்பும்மா, ஒட்டாது” என்பான். ஏலக்காய் வாசனை வந்தாலே வசுந்தராவுக்குத் தெரிந்துவிடும், பிள்ளை எதை மறைக்கிறான் என்று. வம்சத்துக்கே ஏலக்காயை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

அவளும் போட்டாள், அக்‌ஷயாவும் போட்டாள். பிறகு வசுந்தரா தட்டை நிர்மால்ய பக்கம் நீட்டினாள்.

நிர்மால்ய தட்டைப் பார்க்கவே இல்லை. சால்வைக்குள் கை விட்டார். பாக்கெட்டை எடுத்தார். நரசிம்மன் அந்தக் காலத்தில் பிடித்த அதே பிராண்ட். ஒன்றை உருவி, இரண்டு விரலால் நீவி நேராக்கிக்கொண்டு, நண்பர் முகத்துக்கு நேரே குனிந்தார்.

சுற்றி நின்ற தெருக்காரர்களுக்கு அது விசேஷமாகவே படவில்லை. அந்த ஊர் வழக்கம் அது. போகிறவருக்குப் பிரியமானதைக் கூடவே அனுப்புவார்கள். மிட்டாய், மூக்குக் கண்ணாடி, சிகரெட், எதுவானாலும். ஒரு கிழவர் ஒத்துக்கொள்கிற மாதிரித் தலையைக்கூட ஆட்டினார்.

“இருங்கோ!” என்று வசுந்தரா தமிழில் கத்தினாள்.

நிர்மால்ய நிமிர்ந்தார். சிகரெட், நரசிம்மன் உதட்டுக்கு அரையடி தூரத்தில் நின்றது.

“இதுக்குத்தான் சொன்னேன்” என்று வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“பௌதி, நீங்கதானே சரின்னு சொன்னீங்க?” என்று கேட்டார் நிர்மால்ய. “யார் ஊட்டறதுன்னு கேட்டீங்களே?”

அட ஈசுவரா! அந்தப் பாழாய்ப்போன வினைச்சொல்! அன்றைக்கு அவரைக் கவிழ்த்தது, இன்றைக்கு அவளைக் கவிழ்த்துவிட்டது. இத்தனை வருஷம் அந்த பாஷையில் காய்கறி வாங்கி, சண்டை போட்டு, பிள்ளை வளர்த்து என்ன புண்ணியம்? அரிசித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்த காதுக்கு அரிசிதான் கேட்டது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. அவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். இப்போது இவருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம்.

முகுந்த் அவள் தோளைத் தொட்டான். “அம்மா, ஒரு சிகரெட்தானேம்மா. பத்தவைக்கக்கூடப் போறதில்லை. இனிமே அப்பாவுக்கு என்ன ஆகப்போறது? நிர்மால்ய காக்கு பாவம், ஆசைப்படறார். விட்டுடேன்.”

நிர்மால்ய கையை மடக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. கிழவர் கண்ணில் நீர் திரண்டு நின்றது. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எவளுக்கு மனசு வரும்? வசுந்தரா தட்டை அக்‌ஷயாவிடம் கொடுத்தாள். வங்காளத்திலேயே பேசினாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

“நிர்மால்ய தா, அவருக்கு ஆசை இருந்தது. இன்னிக்குக் கார்த்தால உங்க பக்கத்துல உக்காந்திருந்தப்பகூட இருந்திருக்கும். எனக்குத் தெரியாதா? ஆசை போனப்புறம் விடறது என்ன பெரிய காரியம்? இவர் ஆசையை மடியில வச்சிண்டே விட்டார்.”

நிர்மால்ய மெல்லத் தலையசைத்தார்.

“இன்னொண்ணு சொல்றேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்லை.”  எழுபதை நெருங்குகிற கிழவி நடுத்தெருவில் சொல்கிற விஷயமில்லை அது. சொன்னாள். “கல்யாணம் ஆன நாளிலேர்ந்து இவர் காலு ராத்திரியில ஐஸ்கட்டி மாதிரி இருக்கும். குளிர் காலத்துல மேல பட்டா எனக்கு உசிரே போயிடும். எட்டிப் படுங்கோ, எட்டிப் படுங்கோன்னுதான் தினம் சொல்லுவேன். அவர் உடம்பு வாகு அதுன்னு நினைச்சிண்டிருந்தேன். சிகரெட்டை விட்டதுக்கு அடுத்த குளிர்ல ஒரு நாள், தூக்கத்துல அவர் காலு என்மேல பட்டுது. வெதுவெதுன்னு இருந்தது. வெந்நீர்ல கழுவினேளான்னு கேட்டேன். இல்லையேன்னார். அதுக்கப்புறம் எட்டிப் படுங்கோன்னு நான் சொன்னதே இல்லை.”

 தெருமுனையில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து ஓய்ந்தது.

“சிகரெட்டை விட்டு என்ன பிரயோஜனம்னு கார்த்தால ஒருத்தன் கேட்டான். இதுதான் பிரயோஜனம். இத்தனை குளிர்காலம் எனக்குக் கிடைச்சுது. அதைக் கெடுக்காம அனுப்பி வைங்கோ. உங்ககிட்ட நான் சரின்னு சொன்னது நிஜம், ஆனா அரிசின்னு நினைச்சுத்தான் சொன்னேன். தப்பு என் காதுமேல. உங்க கையால அவர் வாயில ஏதாவது போகணும்னுதான் எனக்கும் ஆசை. இதைப் போடுங்கோ.”

முகுந்த் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். தோளில் வைத்த கையை அவன் எப்போது எடுத்தான் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிர்மால்ய கையிலிருந்த சிகரெட்டைப் பார்த்தார். நண்பர் முகத்தைப் பார்த்தார். பிறகு அதைத் திரும்பப் பாக்கெட்டில் சொருகப் பார்த்தார். பாக்கெட் வாய் அகப்படவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வசுந்தரா நிர்மால்யவின் வலது கையைப் பிடித்துக் குழிய வைத்து, தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளி அதில் போட்டாள். எப்படிப் போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அவள் காட்டிக் கொடுத்தாள்.

“கா, நொரு” என்றார் நிர்மால்ய, நரசிம்மனின் செல்லப் பேரைச் சொல்லி, குழந்தையிடம் சொல்கிற மாதிரி. சாப்பிடு. “கா.”

பாதி அரிசி உதட்டில் விழுந்தது, பாதி கழுத்தில் கிடந்த துளசி மாலையில் விழுந்தது. வாத்தியார் மந்திரத்தை எடுத்த இடத்திலிருந்து தொடர்ந்தார். வண்டியின் கண்ணாடிக் கதவு மூடியது. முகுந்தும் நிர்மால்யவும் பக்கவாட்டு பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார்கள். வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் வசுந்தரா நின்று பார்த்தாள். மனசு நிறைந்திருந்தது. துக்கம் இல்லாமலில்லை. அது ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் விளக்கேற்றுகிற சமயத்தில் திரும்பி வந்தார்கள். வாசற்படியில் அக்‌ஷயா ஒரு சட்டியில் நெருப்பும், ஒரு இரும்புச் சாவியும், நாலு வேப்பிலையும் வைத்திருந்தாள். நிர்மால்யவின் வழக்கத்துக்காக எதிர்வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்தது. நிர்மால்ய நேரே தன் வீட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் ஒன்றாகப் போனவர் ஒன்றாகவே வந்தார். இரும்பைத் தொட்டு, நெருப்பில் கை காட்டி, வேப்பிலையைக் கடித்தார். வெளிக்குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வந்து, காலையில் நரசிம்மன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“நன்னா நடந்துதா?” என்று கேட்டாள் வசுந்தரா.

“நன்னா நடந்ததும்மா” என்றான் முகுந்த். “கூட்டமில்லை. சீக்கிரம் முடிஞ்சுடுத்து. எல்லாரும் வெளில டீ குடிக்கப் போனா. காக்கு மட்டும் அங்கேயே உக்காந்திருந்தார்.”

அக்‌ஷயா காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.  மொசைக் தரை சில்லென்று இருந்தது. நிர்மால்யவின் பாதங்கள் வெளுத்து, விரல் நுனிகள் நீலம் பாரித்திருந்தன. அவர் ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்துத் தேய்த்துக்கொண்டார். பிறகு மாற்றி வைத்துத் தேய்த்தார்.

வசுந்தரா அதைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். பீரோவின் அடித்தட்டில், அந்துருண்டை வாசனைக்கு நடுவில், ஒரு ஜோடிக் கம்பளி சாக்ஸ் இருந்தது. எப்போதோ கல்கத்தா வெலிங்டனில், மலையிலிருந்து கம்பளி விற்க வருகிற பூட்டியாக்காரியிடம் பேரம் பேசி வாங்கியது. தடித்த சாம்பல் நிறம். பல வருஷமாக அதற்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

கொண்டுவந்து நிர்மால்யவிடம் நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார். வாங்கிக்கொண்டார். ஒரு காலில் இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டார். மறு காலுக்குக் குனிய முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. முகுந்த் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

சாக்ஸை மாட்டுவதற்கு முன்னால் ஐஸ்கட்டியாக இருந்த பாதத்தைத் துடைக்கக் கை வைத்தவன், வைத்த கையை எடுக்கவில்லை.